கிட் வாங்கி மோட்டார் கட்டுவதா, பழைய இஎக்ஸ்5-ஐ எழுப்புவதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் சொந்தக் கையால் மோட்டார் (மோட்டார் சைக்கிள்) கட்ட இரண்டு வழி உண்டு. ஃபிரேமிலிருந்து வயரிங் வரை பெட்டியில் வரும் கிட்டை வாங்கிப் பூட்டலாம். இல்லையென்றால் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் ஹோண்டா இஎக்ஸ்5-ஐக் கழற்றி மறுபடி எழுப்பலாம். எதில் இறங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கெரான் (வண்டியின் உரிமைப் பத்திரம்) இருக்கிறதா?

கிட் ஃபிரேமுக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு கிடையாது. நிர்வாகம் விட்டால் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டலாம். தார் ரோட்டுக்கு வந்துவிட்டால் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், இன்சூரன்சும் கிடைக்காது. பழைய வண்டியின் சேசிஸ் நம்பரைப் புது ஃபிரேமில் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாட்டினால் வண்டியும் போகும், வழக்கும் வரும். கெரான் உள்ள இஎக்ஸ்5-க்கோ 97 சிசிதான். ரோட் டெக்ஸ் வருடத்துக்கு 2 ரிங்கிட், பி2 மோட்டார் லைசன்ஸ் போதும், பார்ட்ஸ் எந்த மோட்டார் கடையிலும் கிடைக்கும். ஆகவே ரோட்டில் ஓட்டத்தான் வண்டி என்றால் பழையதை எழுப்புங்கள்.

வாங்குமுன் கெரானில் உள்ள சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். தோட்டத்து வண்டி பல இன்னும் இறந்துபோன தாத்தா பேரிலேயே இருக்கும். அதற்கு வாரிசு வேலை முடிய நாளாகும். பேர் மாறும்வரை ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள்.

அடுத்தது ஃபிரேம். தோட்டத்து மோட்டாரைத் தின்பது மழையைவிட உரம்தான். உர மூட்டை ஏற்றிய வண்டியில் பொட்டாஷ் தூள் சீட்டுக்கு அடியிலும், பேட்டரிப் பெட்டி ஒட்டும் மூலையிலும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் போல்ட் நுழையும் காதிலும் தங்கிவிடும். ஈரம் பட்டதும் இரும்பை உள்ளிருந்து அரிக்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். சின்னக் காந்தமும் கையில் இருக்கட்டும். அது ஒட்டாத இடத்தில் புட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். காது அரித்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கழற்றும்போது ஒவ்வொரு இணைப்பையும் கைபேசியில் படம் எடுங்கள், போல்ட்டுகளை இடம் எழுதிய பைகளில் போடுங்கள். பவுடர் கோட்டிங் கொடுக்குமுன் நான்கு இடங்களை மறைக்க வேண்டும்: போல்ட் மரைகள், ஸ்டியரிங் பேரிங் கிண்ணம் உட்காரும் வளையம், எர்த் வயர் பிடிக்கும் இடம், சேசிஸ் நம்பர். நம்பர் மேல் கோட்டிங் கனமாக ஏறிவிட்டால் சோதனையில் படிக்க முடியாது. எர்த் இடத்தை மறந்தால் புது வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. காரணம் தெரியாமல் காயில், சிடிஐ என்று தீப்பொறி தரும் பார்ட்ஸை ஒவ்வொன்றாக வாங்கிக் காசைத் தொலைப்பீர்கள்.

எஞ்சினில் புகை வந்தால் புளோக்கை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரை, லேத் கடைக்குக் கொடுத்து உள்ளே அறுத்து, சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வழக்கம். 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று நான்கு படி. ஒரிஜினல் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 49.5 மி.மீ. கடைசிப் படிக்கே 101 சிசி ஆகிவிடும். அதற்கு மேல் பெரிய புளோக் செட் போட கிரேங்க் கேஸையும் (எஞ்சினின் அடிக்கூட்டையும்) அறுக்க வேண்டும், கெரானில் உள்ள சிசியோடும் ஒத்துவராது. வேகத்துக்காக அதில் இறங்குவது வீண் செலவு.

முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிறகு அதை அளந்து புளோக்கை அறுக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் ரிங்கைத் தனியாகப் புளோக்குக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் 10 மி.மீ. நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடால்) பாருங்கள். 0.10 முதல் 0.25 மி.மீ. வரை சரி. இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து புளோக்கைக் கீறிவிடும். பிஸ்டனில் ‘ஐஎன்’ என்ற குறி கார்புரேட்டர் பக்கம், அதாவது மேலே இருக்க வேண்டும். பிஸ்டன் பின்னின் கிளிப்பை மாட்டுமுன் கிரேங்க் கேஸ் வாயில் துணி அடையுங்கள். கிளிப் உள்ளே விழுந்தால் எஞ்சினை இரண்டாகப் பிளக்க நேரிடும். மேக்னட் சக்கரத்தில் ‘டி’ குறியும் கேம் பல்சக்கரத்தின் வட்டக் குறியும் ஒரே நேரத்தில் நேராக நிற்கட்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளி 0.05 மி.மீ., ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரை. முதல் 500 கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டி எண்ணெயை மாற்றுங்கள்.

வயரிங்கில்தான் பாதி வண்டி நின்றுபோகிறது. ஹோண்டாவில் பச்சை எர்த், சிவப்பு பேட்டரி, கறுப்பு சாவி திறந்ததும் கரண்ட் வருவது. நீலம் ஹைபீம், வெள்ளை லோபீம், ஆரஞ்சு இடது சிக்னல், வெளிர்நீலம் வலது. மலிவு வயரிங் செட்டில் நிறம் மாறி வரலாம் என்பதால் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே சொருகுங்கள். பழைய சி70 பார்ட்ஸ் கையில் இருந்தால் அது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். 6 வோல்ட் பல்பு இதில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

தோட்டத்துக்குள் மட்டும் ஓட்ட கிட்தான் வேண்டும் என்கிறவர்களும் உண்டு. பெட்டி வந்ததும் பட்டியலோடு எண்ணுங்கள். பேரிங், சீல், வாஷர் விடுபட்டிருப்பது சாதாரணம். கூட வரும் போல்ட்டுகள் பெரும்பாலும் மிருது. எஞ்சினைத் தாங்கும் போல்ட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பிரேக் போல்ட் எல்லாவற்றுக்கும் தலையில் 8.8 என்று பொறித்ததை வாங்கி, மரையில் நீல லாக்டைட் பசை தடவிப் பூட்டுங்கள். வெல்டிங் மூட்டுகளையும் விளக்கு பிடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளியோ பள்ளமோ இருந்தால் பெயிண்டுக்கு முன்பே திருப்பி அனுப்ப வேண்டும்.

பழைய வண்டிக்கு நிறம் மாற்றினாலும், எஞ்சின் மாற்றினாலும் கெரானில் பதிய வேண்டும். பார்ட்ஸ் ரசீதுகளை எறியாமல் வையுங்கள், எஞ்சின் வாங்கிய ரசீதை முக்கியமாக. ஈப்போவுக்குச் சோதனைக்குக் கொண்டுபோகும் முன் லைட், ஹார்ன், சிக்னல், பிரேக் லைட் எரிகிறதா பாருங்கள். சத்தம் போடும் எக்ஸோஸை இறக்கிவிட்டுப் பழையதையே மாட்டுங்கள்.