பஞ்சுருட்டான் பாக்க போறீங்களா? எங்க நிக்கணும்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க

கியூபா, ஜமைக்கா மாதிரி தீவுகள்ல இருக்க டோடி குருவி போட்டோ பாத்திருக்கீங்களா, பச்சை உடம்பு, தொண்டையில ரத்தச் செவப்பு, பத்து சென்டிமீட்டர் சைஸ்தான், பூச்சிதான் சாப்பாடு. அங்க போக நமக்கு ஏது காசு மக்கா. ஆனா அதுக்கு தூரத்து சொந்தக்காரன் நம்ம நாகர்கோவில் பக்கம் கரண்ட் கம்பியிலயே உக்காந்திருக்கான், பேரு பஞ்சுருட்டான்.

மொதல்ல இடம். தேரூர் குளத்தங்கரை போதும், சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022ல ராம்சார்ங்குற உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட லிஸ்ட்ல வேற வந்துட்டு. விடியக்காலமே ஓட வேண்டாம், வெயில் கொஞ்சம் ஏறி பூச்சி பறக்க ஆரம்பிச்சாதான் இவனும் பறப்பான். சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும், இல்லன்னா கலரே தெரியாது, வெறும் கறுப்பாதான் தெரியும்.

அடுத்து, பறக்குறத துரத்தி போட்டோ எடுக்க பாக்காதீங்க. கம்பியில இருந்து கிளம்பி காத்துலயே பூச்சிய கவ்விட்டு பெரும்பாலும் அதே இடத்துக்குத்தான் திரும்பி வரும், அதனால கேமராவ கம்பிக்கே ஃபோகஸ் பண்ணி வச்சிட்டு சும்மா நில்லுங்க. தேனீயா இருந்தா கம்பியில அடிச்சு தேச்சு கொடுக்கை எடுத்துட்டுதான் முழுங்கும், பாக்கவே அருமையா இருக்கும்.

அடையாளம் ஈஸி. சின்ன உடம்பு, வாலு நடுவுல ரெண்டு இறகு கம்பி மாதிரி நீட்டிட்டு இருந்தா சாதா பச்சைப் பஞ்சுருட்டான். பெருசா, வாலு நீலமா இருந்தா நீலவால், குளிர்காலத்துல வர்ற விருந்தாளி. தலை செம்பழுப்பா, வாலுல கம்பி இல்லாம இருந்தா செந்தலை, அத மலையடிவாரத்துல தேடுங்க, அந்தமான் தீவுலயும் இருக்கு.

இனிதான் முக்கியமான ஸ்டெப், கூடு. மார்ச் ஏப்ரல் வாக்குல மண்திட்டுல பொந்து தோண்டி முட்டை போடும். நான் புதுசுல பொந்துக்கு நேரா போய் அரைமணி நேரம் நின்னேன், அது வாய்ல தட்டான வச்சிக்கிட்டு கம்பியிலயே உக்காந்திருக்கு, உள்ள போகவே இல்ல, குஞ்சு பட்டினி. நம்மள மாதிரி ஒரு ஆளு நிக்குற இடத்துல இருந்து பொந்து வாசல் தெரியுமா தெரியாதான்னு அது கணக்கு போடுதுன்னு இந்தியாவுல நடந்த ஒரு ஆய்வு 2002லயே வந்திருக்கு, எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதனால வாசல் உங்க கண்ணுக்கு தெரிஞ்சா தப்பான இடத்துல நிக்குறீங்கன்னு அர்த்தம், பைய நகருங்க.

அடுத்த தடவ ஒரு தென்னை மறைவுக்கு தள்ளி நின்னேன். கொஞ்ச நேரத்துல தட்டானோட கீழ இறங்குச்சு, திரும்பி கம்பிக்கு வந்தப்ப வாயி காலி. பொந்து போட்டோ என்கிட்ட இல்ல, இந்த காலி வாயி போட்டோதான் இருக்கு.