கால்நடை மருத்துவ சீட் கிடைத்துவிட்டதா? பெட்டி கட்டும் முன் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்

ஒதுக்கீட்டு ஆணையை பிரிண்ட் எடுத்தாயிற்று, அம்மா அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாயிற்று. சரி, அடுத்து? மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் நான் பட்ட அலைச்சலை வைத்து இதை எழுதுகிறேன். கலந்தாய்வு, கட் ஆஃப் பற்றி இங்கே ஒன்றும் இல்லை. சீட் கையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

படி 1: அசலைக் கொடுக்கும் முன் வங்கிக்குப் போங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சேரும் நாளில் மாற்றுச் சான்றிதழ், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அசலை ஒப்படைக்க வேண்டும். நான் இரண்டே இரண்டு நகல் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துக் கல்விக் கடன் கேட்டுப் போனால், "ஒரிஜினலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாதும்மா" என்றார் மேனேஜர். ஒரிஜினல் கல்லூரியில், நான் வங்கியில், அப்பா நாற்றங்காலை விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில். மூன்று நடை நடந்தோம். 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயமான படிப்பில், ஆரம்பத்திலேயே என் பெயருக்கு எதிரே ஆப்சென்ட் விழுந்தது.

செய்ய வேண்டிய வரிசை இது. ஒதுக்கீட்டு ஆணை வந்ததுமே வித்யாலட்சுமி இணையதளத்தில் கடனுக்கு விண்ணப்பியுங்கள். அசல் உங்கள் கையில் இருக்கும்போதே வங்கியில் காட்டி, சரிபார்த்தாயிற்று என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. யாராவது நிலப் பத்திரம் கேட்டால் அப்பா உடனே பீரோவைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கல்லூரியில் சேரும் நாளிலேயே அலுவலகத்தில் மூன்று தாள்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்: போனஃபைடு சான்றிதழ் (இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தருவது), விடுதியும் மெஸ்ஸும் சேர்த்து ஆண்டுவாரியான கட்டண விவரம், இன்னின்ன அசல்கள் எங்களிடம் உள்ளன என்ற கடிதம். கடைசியில் என் கடனை நகர்த்தியது அந்த மூன்றாவது தாள்தான். எல்லாவற்றிலும் ஆறு செட் ஜெராக்ஸ் எடுங்கள். ஸ்கேனை செல்போனில் எடுக்காதீர்கள், கை நிழல் விழுந்து முத்திரை தெரியாது. ஜெராக்ஸ் கடை ஸ்கேனரில் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

7.5 சதவீத அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே செலுத்துகிறது. கடன் வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

படி 2: பெயர், இனிஷியல்

ஆதார், வங்கிப் பாஸ்புக், மதிப்பெண் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். முதல் பட்டதாரிச் சான்று இன்னும் வாங்கவில்லையென்றால் இ-சேவையில் உடனே போடுங்கள். குறுவை அடங்கல் (பயிர்க் கணக்கு) வேலையில் விஏஓ வயலும் வரப்புமாகத் திரிகிற சமயம் அது. விண்ணப்பம் ஆன்லைன்தான், ஆனாலும் நம் ஊரில் ஒருமுறை நேரில் போய் வணக்கம் சொன்னால்தான் தாள் நகரும்.

படி 3: வாங்க வேண்டியதும் வேண்டாததும்

ஸ்டெதாஸ்கோப் இப்போது வேண்டாம். மாமா வாங்கித் தருகிறேன் என்றாலும் காசாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு முழுக்க எலும்பும் ஃபார்மலின் வாடையும்தான். முழுக்கை வெள்ளைக் கோட்டு இரண்டு, சுத்தப் பருத்தியில். டெரிகாட் துணி நம் ஊர் வெக்கைக்கு ஆகாது. முழங்கால் உயர கம்பூட் ஒரு சைஸ் பெரிதாக. டிசெக்‌ஷன் பாக்ஸும் புத்தகங்களும் சீனியர்களைப் பார்த்த பிறகு.

படி 4: ஊசி

வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு ஊசி என்று ஒன்று உண்டு. 0, 7 அடுத்து 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று தவணை. கல்லூரியில் ஏற்பாடு இருக்கிறதா என்று முதல் வாரமே கேளுங்கள். டிடி ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

படி 5: மாட்டைத் தொட்டுப் படியுங்கள்

இதற்குக் காசு வேண்டாம், கொட்டில் போதும். பின்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டை முட்டி என்றே நான் பிளஸ் டூ வரை நினைத்திருந்தேன். அது நம் குதிகாலுக்குச் சமம். மாட்டின் உண்மையான முட்டி வயிற்றோரமாக மேலே இருக்கிறது. முன்காலில் நாம் முட்டி என்பது மணிக்கட்டு. இது புரிந்த அன்றுதான் எலும்புப் பெயர்கள் எனக்கு மண்டையில் ஏறின.

விலா எலும்புகளை எண்ணுங்கள், பக்கத்துக்குப் 13 வரும். குதிரைக்கு 18. இடது இடுப்பெலும்புக்கு முன்னால் இருக்கும் குழியில் முஷ்டியை அழுத்தி வைத்தால், இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை அசைபை (ரூமன் என்கிற பெரிய இரைப்பை) உருண்டு வந்து கையைத் தள்ளும். திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் உறவு இருந்தால் உம்பளாச்சேரி மாட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். சேற்று உழவுக்கென்றே பேர்போன இனம். செந்நிறமாகப் பிறக்கும் கன்று வளர வளரச் சாம்பலாகும், நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருக்கும். கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கத்தால் மொட்டை மாடு என்றும் பெயர். விடுதியில் வேறு மாவட்டத்துப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை

தமிழ் மீடியத்தில் படித்த தங்கை ஒருத்தி, வகுப்பு புரியுமா என்று கேட்டிருந்தாள். முதல் ஒரு மாதம் கஷ்டம்தான். நான் செய்தது: கோடில்லாத பெரிய நோட்டில் எலும்பைப் பென்சிலில் வரைந்து, ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் வீட்டில் சொல்கிற பெயரையும் எழுதினேன். பளபள வண்ணப் படச் செயலிகளைவிட இது நிற்கிறது.

இன்னொன்று, நான் முதலில் எழுத மறந்தது. சீட் கிடைத்த மறுநாளே ஊரில் நீங்கள் டாக்டர்தான். எனக்கு விடிகாலையில் வயிறு உப்பிய ஆடு ஒன்று, ஓட்டி வந்த ஆயாவோடு வாசலில் நின்றது. நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் முடித்து, கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்யும் வரை நமக்கு மருந்து சொல்லும் உரிமை இல்லை. 1962க்கு போன் போட்டுக் கொடுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி அது. நானும் அதைத்தான் செய்தேன். "இதுக்கா இவ்வளவு மார்க்கு வாங்குன?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த ஆயா திண்ணையில் உட்கார்ந்தது.