காத்தாடி, சோலார், பேட்டரி: நம்ம பக்கம் கணக்கு தப்புத இடங்கள்

ஆரல்வாய்மொழி கணவாய்ல இருந்து பணகுடி, வள்ளியூர், ராதாபுரம், இந்தப் பக்கம் கயத்தாறு வரைக்கும் எங்க திரும்புனாலும் காத்தாடிதான், இப்போ அதுக்கு ஊடால சோலாரும் வந்தாச்சு. பொகை இல்ல, சாம்பல் இல்ல, அதனால யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனைக்கது மொத தப்பு. அழுக்கு வேற ஊர்ல கெடக்கு, அவ்வளவுதான். நெறைய காத்தாடி மாடல்ல நியோடிமியம்ங்கற அரிய உலோகத்துல செஞ்ச காந்தம் இருக்கு, அது பெரும்பாலும் சீனாவுல இருந்து வருது, அங்க உள் மங்கோலியாவுல பாவ்தோ நகரத்துக்கு வெளிய தாதுவ பிரிச்செடுத்த கழிவு பெரிய ஏரியாட்டம் தேங்கி நிக்கி. பேட்டரிக்கு வேண்டிய லித்தியம்ங்கற உலோகத்துல ஒரு பங்க சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துல நெலத்தடி உப்புநீர உறிஞ்சி, நம்ம தூத்துக்குடி உப்பளம் மாதிரி பாத்தி கட்டி வெயில்ல காயவச்சு எடுக்காங்க. மழையே அத்திப்பூத்தாப்ல பெய்யுத ஊர்ல தண்ணிய ஆவியாக்கி எடுக்க சரக்கு அது.

அடுத்தது, "சும்மா கெடக்க தரிசுதான அண்ணாச்சி, என்னத்த கெட்டுப்போவுது"ங்கற பேச்சு. எனக்கு இதுலதான் கோவம் ஜாஸ்தி. மானாவாரி காடு வருசத்துல பாதி நாளு காஞ்சி கெடக்கத பாத்துட்டு யாருக்கும் பிரயோஜனம் இல்லன்னு முடிவு கட்டிருதாங்க. அங்க ஆட்டுக்காரங்க மேய்க்காங்க, கிடை போடுதாங்க, பனை இருக்கு, உடை மரம் இருக்கு, மயிலு அடையுது. பட்டா கையில இருக்கவருக்கு நெலத்துக்கு காசு கெடைக்கும், மேய்ச்சல நம்பி இருக்கவருக்கு ஒத்த ரூவா கெடையாது. அதோட ரோடு. அம்பது மீட்டர் நீள இறக்கைய தூக்கிட்டு வார லாரி திரும்பணும்னா அகலமா கிராவல் அடிக்கணும், கிரேன் நிக்க மேடு கட்டணும். ஓடைக்கு குறுக்க பைப்பு போடாம மண்ணக் கொட்டி அடைச்சிட்டா ஐப்பசி கார்த்திகை மழைத்தண்ணி குளத்துக்கு வராது, ஒரு குளம் பெருகி மறுகால் போனாத்தான் அடுத்த குளத்துக்கே தண்ணி, ஆக ஒரு எடத்துல அடைச்சா கீழ உள்ள நாலு ஊருக்கு வம்பு. இதயெல்லாம் சர்க்கார் பாத்துத்தான அனுமதி குடுத்திருப்பாங்கன்னு நம்பாதீங்க, காத்தாலைக்கும் சோலார் மின்நிலையத்துக்கும் நம்ம நாட்டுல முன்கூட்டி சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம்.

பேனல் ஓடும்போது தண்ணி கேக்காது, கழுவ கொஞ்சம் போதும், அதனால சோலாருக்கு தண்ணியே வேண்டாம்னு சொல்லுததும் அரைகுறை. பேனலுக்குள்ள இருக்க செல்ல செய்யுத எடத்துல ரொம்ப சுத்தமான தண்ணி வேணும், ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் மாதிரி ஆபத்தான சமாச்சாரம் எல்லாம் புழங்கும். நம்ம கங்கைகொண்டான் சிப்காட்லயே வருசத்துக்கு 4.3 கிகாவாட் அளவுக்கு செல், பேனல் செய்யுத ஆலை இருக்கு. ஆலை வேண்டாங்கல, நம்ம புள்ளைகளுக்கு வேலைதான், ஆனா எம்புட்டு தண்ணி உள்ள போவுது, வெளிய வாரத எப்படி சுத்தம் பண்ணுதாங்கன்னு கேக்கது வளர்ச்சிக்கு எதிரின்னு சொன்னா எப்படி வே?

இதயெல்லாம் படிச்சிட்டு "அப்போ நிலக்கரியே மேல்"னு கெளம்புததுதான் இருக்கதுலயே பெரிய தப்பு. தோண்டுததுல இருந்து தூக்கிப் போடுத வரைக்கும் எல்லாத்தயும் சேத்து, ஐ.பி.சி.சி-ங்கற ஐ.நா. பருவநிலை குழுவோட 2014 அறிக்கை கணக்குப்படி ஒரு யூனிட் கரண்டுக்கு கரி சுமார் 820 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு சமமான வாயுவ விடுது, சோலார் 41ல இருந்து 48, தரைல நிக்க காத்தாலை 11. பக்கத்துலயே கூட வராது.

வீட்டுல நடக்குத தப்பு ஒண்ணு. பழைய இன்வெர்ட்டர் பேட்டரிய நூறு எரநூறு கூட கெடைக்குதுன்னு பழைய இரும்புக்காரர்ட்ட போடாதீங்க, அவரு ஆசிட்ட ஓடையில ஊத்திட்டு ஈயத்த உருக்குவாரு, அந்தப் பொகை அக்கம்பக்கத்து புள்ளைகளுக்குத்தான். புது பேட்டரி வாங்குத கடையிலயே பழச குடுங்க, திருப்பி எடுக்க வேண்டிய பொறுப்பு 2022 பேட்டரி கழிவு விதிப்படி தயாரிக்கவங்களுக்கு இருக்கு. சோலார் பேனலும் 2023 ஏப்ரல் 1ல இருந்து ஈ-வேஸ்ட் விதிக்குள்ள வந்தாச்சு, அலுமினிய சட்டத்த மட்டும் உருவிட்டு கண்ணாடிய குளத்தங்கரையில தட்டுத வேலை வேண்டாம்.

நெலத்த குத்தகைக்கு விடுதவங்க வாடகைத் தொகைய மட்டும் பாத்து கையெழுத்து போடுதாங்க. காத்தாடிக்கு ஆயுசு இருவது இருவத்தஞ்சு வருசம், இறக்கை ஃபைபர்கிளாஸ், உருக்கி வேற ஒண்ணாக்குதது லேசுல நடக்காது, அடியில கான்கிரீட் ஒரு வீட்டு அளவுக்கு கெடக்கும். முடிஞ்சதும் இத யாரு தோண்டி எடுக்கணும், ஓடைய யாரு திறந்து விடணும், அதுக்கு டெபாசிட் எவ்வளவு, கம்பெனி கை மாறுனா யாரு பொறுப்புன்னு பத்திரத்துல எழுதி வாங்குங்க. வாய்ல சொன்னது அதிகாரி மாறுன அன்னைக்கே போச்சு.