சேட்டிலைட் ரேடியோ எங்கே ஊமையாகிறது என்று முதலில் பாருங்கள்

அமெரிக்காவின் மினசோட்டாவில் வாகனங்களின் மின்னணுப் பழுதுகளைப் பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். "புதுக் கார்தான், ஆனால் சேட்டிலைட் ரேடியோ விட்டுவிட்டுக் கேட்கிறது" என்று வருகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்ட பிறகுதான் கார்க் கதவைத் திறப்பேன். எந்த இடத்தில் நிற்கிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? அப்போது திரையில் என்ன வாசகம் வருகிறது? பெரும்பாலான பழுதுகளை இந்தப் பதில்களே காட்டிக்கொடுத்துவிடும். இவை தெரியாமல் டீலரிடம் போனால், அவர்கள் வண்டியை வெட்டவெளியில் நிறுத்திப் பார்ப்பார்கள். ரேடியோ நன்றாகப் பாடும். "பழுது எதுவும் இல்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

சிக்னல் வரும் வழியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தச் சேவையை இன்று தருவது சிரியஸ்எக்ஸ்எம் நிறுவனம். சிரியஸ், எக்ஸ்எம் என்று தனித்தனியாக இருந்தவை 2008இல் இணைந்தன. ஒலிபரப்பு 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வருகிறது. செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அதனால் நமக்கு அவை எப்போதும் தெற்கு வானத்தில்தான். வடக்கே போகப்போக இன்னும் தாழ்வாக. தெற்குப் பக்கம் கட்டடமோ அடர்ந்த மரமோ இருந்தால் சிக்னல் குறையும். இலை நனைந்திருந்தால் இன்னும் குறையும்.

பெரிய நகரங்களில் தரையிலேயே மறு ஒலிபரப்புக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் பாட்டு கேட்பது அவற்றால்தான். இன்னொரு ஏற்பாடும் உண்டு: ஒரே ஒலியைச் சுமார் 4 விநாடி இடைவெளியில் இரண்டு முறை அனுப்புகிறார்கள். ஒன்று தவறினாலும் மற்றொன்றை வைத்து ரேடியோ இட்டு நிரப்பிக்கொள்ளும். மணிக்கு 60 மைல் வேகத்தில் 4 விநாடியில் கார் ஏறக்குறைய 350 அடி கடந்துவிடும். ஆகவே நெடுஞ்சாலையில் ஒரு சாதாரண மேம்பாலத்தின் அடியில் வேகமாகப் போகும்போது ஒலி அறுபடவே கூடாது. பாலத்துக்கு அடியில் சிவப்பு விளக்கில் நின்று, அப்போது அறுபட்டால் அது இயல்பு, கவலை வேண்டாம். ஓடும்போதே ஒவ்வொரு பாலத்திலும் அறுபட்டால், உங்கள் ஆண்டெனாவுக்கு ஏற்கெனவே சிக்னல் போதவில்லை, கடைசி இழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது முக்கியமான சோதனை. வெட்டவெளியான ஒரு வாகன நிறுத்துமிடத்தில், தெற்கு வானம் தடையின்றித் தெரியும்படி நிறுத்தி, 10 நிமிடம் ரேடியோவைக் கேளுங்கள். பிறகு ஊருக்குள் ஒரு சுற்று, ஊருக்கு வெளியே வயல்வெளிச் சாலையில் ஒரு சுற்று. ஊருக்குள் நன்றாகக் கேட்டு, வெளியே போனதும் தடுமாறினால் ஆண்டெனாவையோ அதன் கேபிளையோ சந்தேகியுங்கள். பலருக்கு இது தலைகீழாகப் படும். திறந்த வானம்தானே நல்லது என்பார்கள். ஆனால் ஊருக்குள் தரைக் கருவிகளின் பலமான சிக்னல், ஆண்டெனாவின் குறையை மறைத்துவிடுகிறது. வெளியே போனால் செயற்கைக்கோளை மட்டுமே நம்ப வேண்டும். அப்போதுதான் குறை வெளிப்படும்.

புதிய வண்டிகளில் இதை மறைக்கும் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. சிரியஸ்எக்ஸ்எம்மின் 360எல் என்ற அமைப்பு 2019 மாடல் ராம் 1500 வண்டியில் தொடங்கிப் பல நிறுவனங்களின் கார்களுக்கும் பரவியிருக்கிறது. இதில் செயற்கைக்கோள் சிக்னலோடு இணையம் வழியாக வரும் ஒலியும் கலந்திருக்கிறது. செயற்கைக்கோள் சிக்னல் போனால், அதே சேனலைக் காரின் செல்பேசி இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். நல்ல வசதிதான். ஆனால் ஆண்டெனா கேபிள் கழன்றிருந்தால்கூட ஊருக்குள் உங்களுக்குத் தெரியாது. செல்பேசிக் கோபுரம் இல்லாத இடத்துக்குப் போகும் அன்றுதான், அதாவது ரேடியோ மிகவும் தேவைப்படும் நீண்ட பயணத்தில்தான், தெரியவரும். எனவே சோதிக்கும்போது காரின் அமைப்புகளில் டேட்டா இணைப்பையும் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாத வண்டி என்றால், செல்பேசி சிக்னல் இல்லாத இடமாகப் பார்த்துச் சோதியுங்கள். மறுபக்கமும் உண்டு: வழக்கமான சேனல்கள் எல்லாம் கேட்டு, விரும்பியபோது கேட்கும் நிகழ்ச்சிகள் மட்டும் வரவில்லை என்றால் ஆண்டெனாவைத் தொடவே வேண்டாம். அது காரின் டேட்டா இணைப்பு முடிந்துபோன சமாச்சாரம்.

திரையில் வரும் வாசகத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அல்லது படமெடுத்துக்கொள்ளுங்கள். 'நோ சிக்னல்' அல்லது 'அக்வயரிங் சிக்னல்' என்று வந்தால் ரேடியோ தேடுகிறது, கிடைக்கவில்லை. 'செக் ஆண்டெனா' என்று வந்தால் கதை வேறு. கூரையில் இருக்கும் சுறாத் துடுப்பு போன்ற பெட்டிக்குள் சிக்னலைப் பெருக்கித் தரும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதற்கு வேண்டிய மின்சாரத்தை ரேடியோவே ஆண்டெனா கேபிள் வழியாக அனுப்புகிறது. அந்த மின்னோட்டம் போகவில்லை அல்லது அளவுக்கு மீறிப் போகிறது என்றால்தான் இந்த வாசகம் வரும். ஆகவே கேபிள் அறுந்திருக்கிறது, கனெக்டர் கழன்றிருக்கிறது, ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது ஆம்ப்ளிஃபயர் செத்துவிட்டது. வெட்டவெளியில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இது சரியாகாது.

சில சேனல்கள் மட்டும் இல்லை, அல்லது முன்னோட்டச் சேனலான 1 மட்டும் கேட்கிறது என்றால் சந்தா விவகாரம். புதுக் காரோடு வரும் இலவசக் காலம் பெரும்பாலும் 3 மாதம்தான். பல வண்டிகளில் சேனல் 0-க்குப் போனால் ரேடியோவின் அடையாள எண் வரும். அதைச் சேவை நிறுவனத்திடம் கொடுத்து, சந்தாவைப் புதுப்பிக்கும் சிக்னல் அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கார் வெளியில் நிற்க வேண்டும், ரேடியோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டு கராஜுக்குள் இருந்துகொண்டு புதுப்பிப்பு வரவில்லை என்று சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரே சந்திப்பில், ஒரே இடத்தில் மட்டும் தினமும் நின்றுபோகிறதா? உங்கள் காரில் குறை இல்லை. இந்த அலைவரிசைக்கு இரண்டு பக்கமும், 2305 முதல் 2320 மெகாஹெர்ட்ஸ் வரையும் 2345 முதல் 2360 வரையும், வேறு கம்பியில்லாச் சேவைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. அருகில் அந்தச் சேவைகளின் கோபுரம் இருந்தால் அதன் பலமான சிக்னல் நம் ஆம்ப்ளிஃபயரைத் திணறடிக்கும். இன்னும் நுட்பமான ஒன்றும் நடக்கும். 1930 மெகாஹெர்ட்ஸிலும் 2130 மெகாஹெர்ட்ஸிலும் ஒரே இடத்திலிருந்து செல்பேசி அலைகள் பலமாக வந்தால், அவை ஆம்ப்ளிஃபயருக்குள் கலந்து, 2130-ஐ இரட்டித்து 1930-ஐக் கழித்த 2330இல் ஒரு போலி அலையை உண்டாக்கும். அது நம் அலைவரிசையின் நட்ட நடுவில் விழுகிறது. இதற்காகப் புது ஆண்டெனா வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். இடத்தைத் துல்லியமாகக் குறித்துச் சேவை நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

அடுத்து, நீங்கள் காரில் சேர்த்தவை. டேஷ்கேம், யுஎஸ்பி சார்ஜர், ரேடார் டிடெக்டர், கூரை விளக்குகள் எல்லாவற்றின் மின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வெறுமனே அணைத்தால் போதாது. இணைப்பே இருக்கக் கூடாது. சரியாகிவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். என் அனுபவத்தில் முதல் குற்றவாளி பின்கண்ணாடி டேஷ்கேம். அதன் வயரைக் கூரைத் துணிக்குள் செருகி முன்னால் கொண்டுவருகிறார்கள். ஆண்டெனா கேபிளும் அதே பாதையில்தான் வருகிறது. வயரைக் காரின் மறுபக்கமாகத் திருப்பிவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் வயரில் வரும் மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கூரைப் பெட்டியும் இரும்புச் சட்டமும் துடுப்பை மறைக்கலாம். உலோகத் துகள் கலந்த பெயிண்டைத் துடுப்பின் மேல் அடித்திருந்தாலும் சிக்னல் குறையும். பனிக்காலத்தில் துடுப்பின் மேல் ஈரப்பனியோ உறைபனியோ படிந்தால் ரேடியோ நின்றுவிடும். உலர்ந்த தூள்பனி அவ்வளவு செய்யாது. மென்மையான தூரிகையால் தள்ளுங்கள். ஐஸ் சுரண்டியால் தட்டினால் அடியில் உள்ள ரப்பர் விலகி நீர் இறங்கும்.

ஆலங்கட்டி மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் கோடைதோறும் கூரையெல்லாம் குழிவிழுந்து கார்கள் வரும். குழியை உள்ளிருந்து நிமிர்த்தக் கூரைத் துணியை இறக்குவார்கள். சில சமயம் துடுப்பையும் கழற்றுவார்கள். திரும்ப மாட்டும்போது கனெக்டர் முழுவதும் செருகப்படாமல், அல்லது கேபிள் கிளிப்புக்கு அடியில் நசுங்கிப் போய்விடுகிறது. முன்கண்ணாடி மாற்றும்போதும் சன்ரூஃப் பழுது பார்க்கும்போதும் இதே ஆபத்து உண்டு. இத்தகைய வேலை முடிந்து காரை எடுக்கும்போது, கையெழுத்திடுவதற்கு முன் வெளியில் நிறுத்தி ரேடியோவையும் வழிகாட்டி வரைபடத்தையும் சோதியுங்கள்.

வரைபடத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வண்டிகளில் ஜிபிஎஸ் ஆண்டெனாவும் அதே துடுப்புக்குள்தான். இரண்டும் சேர்ந்து போயிருந்தால் துடுப்பில் நீர் இறங்கியிருக்கலாம், அல்லது மொத்த இணைப்பும் கழன்றிருக்கலாம். துடுப்புக்கு அருகே கூரைத் துணியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமோ கறையோ இருந்தால் அதுதான். ஜிபிஎஸ் சரியாக இருந்து ரேடியோ மட்டும் போனால், ரேடியோவுக்கான கேபிளையும் சிக்னலைப் பிடித்துத் தரும் ட்யூனரையும் பார்க்க வேண்டும்.

கூரைத் துணியை நீங்களே இறக்காதீர்கள். இருபுறமும் பக்கவாட்டுக் காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. விவரம் தெரியாமல் கை வைக்கும் இடமல்ல. ரேடியோவின் பின்பக்கம் எளிதாக எட்டினால் ஒரு சோதனை செய்யலாம். ஆண்டெனா கேபிளைக் கழற்றி, சரியான கனெக்டர் கொண்ட, அடியில் காந்தம் வைத்த தனி ஆண்டெனா ஒன்றை மாட்டிக் கூரையில் வையுங்கள். உடனே பாடினால் ரேடியோ நலம். குறை கேபிளிலோ துடுப்பிலோ. ரேடியோ தரும் மின்னழுத்தத்தை மீட்டரால் அளக்கலாம். பெரும்பாலும் 5 வோல்ட் அளவில் இருக்கும். நடு ஊசியும் வெளி உறையும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் புதுப்பித்த மறுநாளிலிருந்து கோளாறு தொடங்கியிருந்தால், கையேட்டில் சொன்னபடி திரையை மறுதொடக்கம் செய்யுங்கள். பாட்டரியைக் கழற்றுவதைக் கடைசிக்கு வையுங்கள். புதிய கார்களில் அதன்பின் ஜன்னல், சன்ரூஃப் எல்லாவற்றையும் மறுபடி பழக்க வேண்டியிருக்கும்.

டீலரிடம் போவதற்கு முன் அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலைத் தேடுங்கள். தயாரிப்பாளர்கள் டீலர்களுக்கு அனுப்பும் சேவை அறிக்கைகள் அங்கே கிடைக்கும். உங்கள் அறிகுறியோடு பொருந்தும் அறிக்கை இருந்தால் அதன் எண்ணைச் சொல்லியே பேச்சைத் தொடங்கலாம். ரேடியோ நிற்பதையும் திரையையும் சாலையையும் உடன் வருபவரைக் கொண்டு படமெடுத்துக் கொண்டுபோங்கள். டேஷ்கேம் மாட்டியதால் வாரண்டி முழுவதும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டப்படி, அந்தப் பொருளால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும்.

பொது வாரண்டி பல நிறுவனங்களில் 3 ஆண்டு அல்லது 36,000 மைல். அதற்குள் ஒவ்வொரு முறை புகார் செய்யும்போதும், பழுது கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், உங்கள் புகார், தேதி, ஓடிய மைல் மூன்றும் பதிவான பணிச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே கோளாறு உறுதியானால், பழுது காலக்கெடுவுக்குள்ளேயே தொடங்கியது என்று காட்ட அந்தச் சீட்டுகள் வேண்டும்.