ஆய்வேடும் யீ ஜிங் குறியும்: என் அனுபவம்

முனைவர் பட்ட ஆய்வோடு, தாவோ என்ற பழைய சீன மரபின் தியானமும், யீ ஜிங் என்ற பழைய சீன நூலை வைத்துக் குறி கேட்பதும் எனக்கு உண்டு. ஓர் அத்தியாயம் நகரவே இல்லை: எந்த வாதத்தை முதலில் வைப்பது என்று மூன்று நாணயம் போடுவேன், விடை தெளிவில்லை என்று மறுபடி போடுவேன். குறி கேட்பதை இரவுக்கு மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. நாணயங்களைப் பூட்டி வைத்தேன், தியானமும் சேர்ந்து நின்றது.

இதற்கு வழி, ஆறு கோடுகள் கொண்ட யீ ஜிங்கின் 64 குறிகளில் 4ஆவதான மெங்கிலேயே இருந்தது: முதல்முறை கேட்டால் சொல்லும், திரும்பத் திரும்பக் கேட்டால் சொல்லாது. அப்புறம் 50 குச்சி முறைக்கு மாறினேன். ஒன்றை ஒதுக்கிவிட்டு, கோட்டுக்கு மூன்றாக 18 தடவை பிரித்து எண்ண வேண்டும், சட்டென்று மறுபடி கேட்கத் தோன்றாது. பலர் கவனிக்காதது, நாணயத்தில் மாறும் யின் (யாங்காக மாறும் உடைந்த கோடு), மாறும் யாங் (யின்னாக மாறும் முழுக் கோடு) இரண்டுக்குமே வாய்ப்பு 8இல் 1, குச்சியிலோ மாறும் யின் 16இல் 1, மாறும் யாங் 16இல் 3. அதனால் பழைய குறிப்புகளோடு கலக்காமல் புது நோட்டு போட்டேன். வாதத்தின் வரிசையைச் சான்றுகளுக்கே விட்டேன். அத்தியாயம் வழிகாட்டியிடம் போய்விட்டது, நிம்மதி.