சோவியத் ரஷ்யாவின் முதல் நோட்டுகளைச் சேர்ப்பது எப்படி? தொடக்கக்காரர்களுக்கான செய்முறை

1917 நவம்பரில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தபோது அவர்களுக்கென்று நோட்டு எதுவும் இல்லை. ஜார் காலத்து அச்சுத் தகடுகளும், ஜாருக்குப் பின் சில மாதம் ஆண்ட இடைக்கால அரசின் தகடுகளும் கைக்கு வந்தன. அவற்றை வைத்தே அச்சடித்தார்கள். அரிவாள் சுத்தியல் போட்ட நோட்டு 1919-ல்தான் வந்தது. அதற்குப் பிறகு 1924 வரை பணவீக்கம் நோட்டுகளை மலைபோல் குவித்தது. சேகரிப்பவருக்கு இதில் இரண்டு விளைவு. சாதாரண வகைகள் நூறு வருடம் ஆகியும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் எது எந்த அரசின் நோட்டு என்பதில் குழப்பமும் ஏராளம்.

படி 1: எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

1917 முதல் 1924 வரை, மத்திய சோவியத் அரசு வெளியிட்டவை மட்டும். இதுவே போதும். உள்நாட்டுப் போரில் தெனீகின், கொல்சாக் போன்ற எதிர்த்தரப்புத் தளபதிகளும் சொந்தமாக நோட்டு அடித்தார்கள். நகராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும்கூட அடித்தன. கடைக்காரர்கள் எல்லாவற்றையும் 'ரஷ்யா 1919' என்ற ஒரே பெயரில் விற்பார்கள். முதலில் சின்னத்தைப் பாருங்கள். 1919 முதல் ஆண்டு போட்ட சோவியத் நோட்டில் அரிவாள் சுத்தியல் இருக்கும். அது இல்லாமல் 1919 என்று மட்டும் இருந்தால், கையிலிருப்பது எதிர்த்தரப்பு நோட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

படி 2: மதிப்பு வாரியாக அல்ல, கட்டம் வாரியாக வாங்குங்கள்

1, 3, 5, 10 என்று ஒரே வெளியீட்டின் எல்லா மதிப்புகளையும் துரத்தினால் பணம் கரையும், வரலாறு பிடிபடாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றிரண்டு எடுத்தால் பத்துப் பன்னிரண்டு நோட்டில் ஒரு முழு வரிசை அமையும்.

முதலில் கேரென்ஸ்கி நோட்டுகள்: 20, 40 ரூபிள். இடைக்கால அரசின் வடிவமைப்பு, அதன் தலைவர் கேரென்ஸ்கியின் பெயரால் அழைக்கப்படுகிறது; சோவியத் அரசும் தொடர்ந்து அச்சடித்தது. ஆண்டு, தொடர் எண், கையெழுத்து எதுவும் இருக்காது. 40 நோட்டு சேர்ந்த முழுத் தாளாக வெளிவந்ததால் வெட்டாத இணைகளும் கிடைக்கும். வெட்டு கோணலாக இருப்பது இவற்றுக்கு இயல்பு.

அடுத்தது 1918 என்று ஆண்டு போட்ட வரிசை, 1 முதல் 10,000 ரூபிள் வரை. வங்கி நிர்வாகியாக பியத்தகோவ் கையெழுத்து இருக்கும். பின்புறம் கிரீடம் இல்லாத இரட்டைத்தலைக் கழுகு. 5,000, 10,000 ரூபிளில் சுவஸ்திகா வடிவமும் உண்டு. 'நாஜி நோட்டு' என்று கூடுதல் விலை சொல்பவரை அப்படியே கடந்து போங்கள். அந்தச் சின்னம் 1917-ன் 250 ரூபிள் வடிவமைப்பிலேயே வந்துவிட்டது.

மூன்றாவது கட்டத்துக்குத்தான் அதிகம் செலவழிக்கலாம். 1919-ன் 'கணக்குச் சீட்டுகள்'. பணமே இல்லாத சமுதாயம் வரப்போகிறது என்ற நினைப்பில், 'பணம்' என்ற சொல்லைத் தவிர்த்து வைத்த பெயர். 1, 2, 3 ரூபிள் தபால்தலையை நினைவூட்டும் சிறு துண்டுகள். 100 முதல் 10,000 வரையானவற்றில் 'உலகத் தொழிலாளர்களே, ஒன்றுபடுங்கள்' என்ற முழக்கம் ரஷ்யன், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம், சீனம், அரபு என ஏழு மொழிகளில் அச்சாகியிருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றை 'பாபிலோன்' நோட்டுகள் என்பார்கள். நிதித் துறை ஆணையர் கிரெஸ்தின்ஸ்கியின் கையெழுத்து இருக்கும்.

பிறகு 1921: மதிப்புகள் லட்சத்தைத் தாண்டின. 5,000 ரூபிளில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மன் முழக்கத்தில் 'ஆர்' வரவேண்டிய ஓரிடத்தில் 'பி' அச்சாகிவிட்டது. ரஷ்ய 'ர' எழுத்துக்கு 'பி'யின் வடிவம்தான் என்பதால் நேர்ந்த பிழை. திருத்திய அச்சும் இருக்கிறது. இரண்டையும் வாங்கி அருகருகே வையுங்கள்.

1922-ல் புதிய 1 ரூபிள் = பழைய 10,000. 1923-ல் புதிய 1 ரூபிள் = 1922-ன் 100, அதாவது அதற்கும் முந்தைய 10 லட்சம். இந்தக் கணக்கு நோட்டின் மேலேயே எழுதியிருக்கும். 1924-ல் 1923-ன் 50,000 ரூபிளுக்கு ஒரு தங்க ரூபிள் என்று மாற்றிக் கதையை முடித்தார்கள். 1922-க்கு முந்தைய பணத்தில் அது 5,000 கோடி ரூபிள்!

இணையாக 1922-ல் தொடங்கியது செர்வோனெட்ஸ் என்ற தனி நோட்டு: 7.74234 கிராம் தங்கத்துக்கு ஈடு, ஒரு பக்கம் மட்டுமே அச்சு. விலை அதிகம். முதல் வருடம் இதைத் தொடாதீர்கள்.

படி 3: ஆண்டை நம்பாமல் படியுங்கள்

ஜார் வடிவமைப்பு 1 ரூபிளில் 1898, 5 ரூபிளில் 1909 என்று இருக்கும். அது வடிவமைப்பின் ஆண்டு. அச்சான ஆண்டு அல்ல. நிர்வாகி கையெழுத்து ஷிப்போவ் என்றிருந்து, ஆறிலக்க எண்ணுக்குப் பதில் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் இருந்தால், அது சோவியத் காலத்தில் அச்சானதாக இருக்கலாம். எந்தத் தொடர் யாருடையது என்பதை அட்டவணை நூலில் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த மூன்றிலக்கம் தனி நோட்டின் எண் அல்ல, தொடரின் எண். இரண்டு நோட்டில் ஒரே எண் வந்தால் 'கள்ள நோட்டு' என்று பதற வேண்டாம்.

படி 4: வெளிச்சத்தில் பிடியுங்கள்

வெள்ளை எல்.இ.டி. விளக்கின் முன் நோட்டைப் பிடித்து, காகிதத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் நீர்க்குறியைப் பாருங்கள். 1919-ன் 250, 500 ரூபிளில் எண் நீர்க்குறி ஒரு வகை, நட்சத்திர நீர்க்குறி இன்னொரு வகை, விலையும் வேறுபடும். விற்பவரிடம் பின்வெளிச்சப் படம் கேளுங்கள். ஆல்பர்ட் பிக் தொகுத்த உலக நோட்டு அட்டவணையில் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு 'பிக் எண்' உண்டு; 1919-ன் 100 முதல் 10,000 வரை பிக் எண் 101 முதல் 106. அந்த எண்ணுக்குப் பின்னால் வரும் 'ஏ', 'பி' எழுத்தையும் சேர்த்துக் கேட்காவிட்டால் வேறு வகை வந்து சேரும்.

படி 5: நகலைக் கண்டுபிடிக்க

நினைவுப்பொருளாக அச்சிட்ட நகல்கள், செர்வோனெட்ஸிலும் பெரிய மதிப்புகளிலும், நிறைய சுற்றுகின்றன. பத்து மடங்கு உருப்பெருக்கியில் கோடுகள் வண்ணப் புள்ளிகளாகச் சிதறினால் நகல். பின்வெளிச்சம் இல்லாமலே நீர்க்குறி சாம்பல் நிறத்தில் தெரிந்தால் அது மையில் அச்சிட்டது. புற ஊதா விளக்கில் காகிதம் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள். அன்றைய காகிதத்தில் ஒளியூட்டும் ரசாயனம் கிடையாது. ஆனால் பிற்காலத்தில் யாரோ சோப்புத் தண்ணீரில் கழுவிய அசல் நோட்டும் இப்படி ஒளிரலாம். ஆகவே ஒரே சோதனையில் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

படி 6: பாதுகாப்பு

பி.வி.சி. கவர் வேண்டவே வேண்டாம். நாளடைவில் அதிலிருந்து கசியும் பொருள் காகிதத்தைப் பிசுபிசுப்பாக்கும். பாலியெஸ்டர் கவர் வாங்குங்கள், நோட்டைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக. லேமினேட், செல்லோடேப், இஸ்திரி, கழுவுதல் நான்கும் கூடாது. காகிதத்தின் விறைப்பு போனால் நோட்டின் தரம் இறங்கிவிடும். பெரிய நோட்டுகளில் நடு மடிப்பு சகஜம். ஆகவே மடிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், கிழிசலை ஒட்டி மறைத்ததை வாங்காதீர்கள். சென்னை போன்ற ஈரப்பதமான ஊரில் ஆல்பத்தை மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பையுடன் வைத்து, பை ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறியதும் மாற்றுங்கள். பிக் எண், நீர்க்குறி, காசாளர் கையெழுத்து, வாங்கிய விலை எல்லாவற்றையும் தனிச் சீட்டில் எழுதி கவரின் பின்னால் செருகுங்கள். நோட்டின் மேல் பென்சிலால்கூட எழுதக் கூடாது.