பழைய ராணுவ முகாம் நிலத்துல வெட்டரன்ஸ் (முன்னாள் ராணுவத்தினர்) கல்லறைத் தோட்டம் அமைக்கிறது எப்படி? அமெரிக்காவுல இந்த வேலையில முதல் தடவை இறங்குறவங்களுக்கு

கலிஃபோர்னியாவுல மான்டரே பக்கத்துல ஃபோர்ட் ஆர்ட்னு ஒரு ராணுவ முகாம் இருந்துச்சு, 1917-ல ஆரம்பிச்சது, கிட்டத்தட்ட 28,000 ஏக்கர். 1994-ல மூடிட்டாங்க. அந்த நிலத்துல சீசைட் ஊர் பக்கம் முன்னாள் ராணுவத்தினருக்கான மாநிலக் கல்லறைத் தோட்டம் திறந்தது 2016-ல. நடுவுல 22 வருஷம் போயிடுச்சு, இது வரும்னு காத்துக்கிட்டு இருந்து அதுக்குள்ள இறந்தே போன வெட்டரன்ஸ் எத்தனையோ பேர். உங்க ஊர்ல இப்படி ஒரு முயற்சி எடுக்கிறீங்கன்னா அவ்ளோ காலம் ஆகக்கூடாது, அதுக்குத்தான் இதை வரிசையா எழுதுறேன்.

ஸ்டெப் 1: யார் எதுக்குக் காசு தர்றாங்கன்னு முதல்ல புரிஞ்சுக்கங்க

வெட்டரன்ஸ் அஃபேர்ஸ், அதான் எல்லாரும் விஏ-ன்னு சொல்ற மத்திய துறை, 1978-லேர்ந்து மாநிலங்களுக்கு கல்லறைத் தோட்டம் கட்ட கிராண்ட், அதாவது நிதி உதவி, குடுக்குது. முன்னாடி பாதிதான் குடுத்தாங்க, இப்போ அனுமதிச்ச கட்டுமானச் செலவுல 100 சதவீதம் வரைக்கும் கிடைக்கும், புது இடம்னா ஆரம்பத்துல வாங்குற மெஷின்களும் அதுல அடங்கும். ஆனா நிலம் வாங்க ஒரு டாலர் கூட கிடையாது. திறந்ததுக்கு அப்புறம் அதை நடத்துற செலவும் காலாகாலத்துக்கும் மாநிலத்தோடதுதான். பழைய ராணுவ நிலம் இதுக்கு நல்லா பொருந்துறதே இதனாலதான், முகாம் மூடினா அந்த நிலம் உள்ளூர் நிர்வாகத்துக்குக் கைமாறும், அங்கேர்ந்து மாநிலத்துக்கு வாங்கிக்கலாம், காசு போட்டு இடம் தேட வேண்டியதில்ல.

ஸ்டெப் 2: 75 மைல் கணக்கு

ஒரு வெட்டரனுக்கு வீட்டுலேர்ந்து 75 மைலுக்குள்ள இடம் இருக்கிற கல்லறைத் தோட்டம் இருக்கணும், விஏ போடுற அளவுகோல் இது. உங்க பகுதியில அந்த வசதி இல்லாத வெட்டரன்ஸ் எத்தனை பேர்னு கணக்கு எடுங்க, புதுசா கட்டுற தோட்டங்களுக்குள்ள யாருக்கு முதல்ல காசுங்கிறதை இந்த எண்ணிக்கைதான் பெரும்பாலும் முடிவு பண்ணும்.

ஸ்டெப் 3: சட்டம், பராமரிப்பு நிதி (இங்கதான் ரொம்ப பேர் மாட்டிக்கிறாங்க)

தோட்டம் அமைக்க மாநில சட்டசபை அனுமதி குடுத்து சட்டம் போடணும். அதுக்கு உங்க தொகுதி உறுப்பினரைப் போய்ப் பாருங்க, ஊர்ல இருக்கிற வெட்டரன்ஸ் சங்கங்களையும் கூட்டிட்டுப் போங்க. முதல் கேள்வியே "வருஷா வருஷம் புல்லு வெட்ட, ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்க காசு எங்கேர்ந்து வரும்?"னுதான் இருக்கும். ஃபோர்ட் ஆர்ட்ல இதுக்குன்னு சட்டத்துலயே தனியா ஒரு நிதி வச்சாங்க, நன்கொடை எல்லாம் அதுல சேரும், அதுலேர்ந்து வர்ற வருமானம் பராமரிப்புக்குப் போகும். மக்கள் அமைப்பு ஒண்ணு வருஷக்கணக்கா நன்கொடை திரட்டுச்சு, பக்கத்துல இருந்த ஒரு துண்டு நிலத்தை வித்து நிதியில சேர்க்குற யோசனையும் இருந்துச்சு. என் அபிப்பிராயம், முழுப் பொறுப்பையும் நன்கொடை தலையில கட்டக்கூடாது, நாட்டுக்கு உழைச்சவங்களோட கல்லறையைப் பராமரிக்கிறது அரசோட கடமை, அதனால மாநில பட்ஜெட்லயே இதுக்குன்னு தனி ஒதுக்கீடு கேட்டு வாங்குங்க. தகுதியான வெட்டரன் ஒருத்தரை அடக்கம் பண்ணினா விஏ மாநிலத்துக்கு சுமார் 1,000 டாலர் குடுக்கும், அதையும் வரவுல எழுதிக்கலாம், ஆனா அதை மட்டும் நம்பி தோட்டம் நடத்த முடியாது.

ஸ்டெப் 4: மண்ணைச் சோதிங்க

பயிற்சி முகாம்னா வெடிக்காத குண்டு மண்ணுக்குள்ள கிடக்கலாம். கல்லறைன்னா வெறும் மேல்மண்ணு விவகாரம் இல்ல, ஒருத்தருக்கு 5 அடி, கணவன் மனைவி ரெண்டு பேரையும் ஒரே குழியில வைக்கணும்னா 7 அடி தோண்டணும். அதனால ராணுவம் எந்த ஆழம் வரைக்கும் சுத்தம் பண்ணிருக்குன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, "க்ளியர் பண்ணியாச்சு"ன்னு வாய்ல சொன்னா போதாது. பழைய ஃபோர்ட் ஆர்ட் நிலத்துல சில பகுதிகள்ல 10 கன கெஜம் மண்ணைக் கிளறணும்னாலே தனி பெர்மிட் வேணும். கூடவே சுற்றுச்சூழல் ஆய்வும் முடிக்கணும், அங்க ஓக் மரங்களும் தண்ணித் தட்டுப்பாடும் ரெண்டுமே பெரிய விஷயம். புல்வெளிக்குத் தண்ணி ஒதுக்கீடு கிடைக்குமான்னு டிசைன் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

ஸ்டெப் 5: சின்னதா ஆரம்பிங்க

ஃபோர்ட் ஆர்ட்ல முதல் கட்டத்துல கட்டினது அஸ்தி மாடம் மட்டும்தான், சுவர்ல சின்னச் சின்ன அறைகளா சுமார் 5,000. மண்ணுல புதைக்கிற இடம் அப்புறமாத்தான் வந்துச்சு. உடலைப் புதைக்கணும்னு ஆசைப்பட்ட குடும்பங்களுக்கு இது வருத்தமாத்தான் இருந்திருக்கும், ஆனா கதவு திறந்துச்சு, அதுதான் முக்கியம். விரிவாக்கத்துக்கு மறுபடி கிராண்ட் கேட்கலாம்.

ஸ்டெப் 6: அப்ளிகேஷன்

முதல்ல ப்ரீ-அப்ளிகேஷன், வருஷா வருஷம் ஜூலை 1-க்குள்ள போகணும். அப்புறம் விஏ ஒரு முன்னுரிமைப் பட்டியல் போடும், பேர் வந்தாலும் அந்த வருஷமே காசு வரும்னு இல்ல. டிசைனுக்கான செலவை மாநிலம் முதல்ல கையிலேர்ந்து போடணும், கிராண்ட் கிடைச்சப்புறம்தான் திரும்பி வரும், இதுக்குன்னு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வச்சிருக்கணும். இன்னொண்ணு, கிராண்ட் வாங்கின அப்புறம் அந்த இடத்தை வேற எதுக்காவது பயன்படுத்தினா விஏ குடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

ஸ்டெப் 7: திறந்த பிறகு

நினைவுக்கல்லை விஏ இலவசமா அனுப்பும். நிமிர்ந்து நிக்கிற மார்பிள் கல்லு 42 அங்குல உயரம், 13 அங்குல அகலம், 4 அங்குல கனம், எடை சுமார் 230 பவுண்ட், அதை மண்ணுல சரியான உயரத்துக்கு இறக்கி வரிசை பிசகாம நிறுத்துறது உங்க ஆளுங்க வேலை. மழைக்கு மண்ணு இறங்கும், கல்லு சாயும், மறுபடி தூக்கி நிறுத்தணும். தேசிய கல்லறைகளுக்கு இருக்கிற அதே தரத்தை விஏ இங்கயும் எதிர்பார்க்கும், நேர்ல வந்தும் பார்ப்பாங்க, அதனால எத்தனை ஆளு, என்ன மெஷின் வேணும்ங்கிற பட்டியலை ஸ்டெப் 3-ல பட்ஜெட் கேட்கும்போதே கையில வச்சுக்கிட்டுப் போங்க.